வானம் எல்லாருக்கும் பொது, இருட்டு மட்டும் எங்க கணக்கா?

"அறிவியல்ல போய் அரசியலைக் கலக்காதீங்க."

இந்த வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு எனக்கே கணக்கில்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காவலூர் வான் ஆய்வகம் பார்க்க வர்றவங்க சொல்லுவாங்க. டிவி விவாதத்துல சொல்லுவாங்க. தேனியில நியூட்ரினோ வேண்டாம்னு ஜனங்க எழுந்தப்பவும் சொன்னாங்க, கூடங்குளத்துக்கும் சொன்னாங்க. சொல்றவங்க பெரும்பாலும் நல்லவங்கதான். படிச்சவங்க. அறிவியல்னா சுத்தமான தண்ணி, அரசியல்னா சாக்கடை, ரெண்டையும் சேர்த்தா நாறிடும்னு அவங்க நினைக்கிறாங்க.

நான் ஜவ்வாது மலையில, காவலூர் பக்கத்துல கொல்லை வெச்சிருக்கிறவன். சாமை, கேழ்வரகு, கொள்ளு போடுறவன். புளிய மரம் நாலு இருக்கு. என் கொல்லையிலிருந்து பார்த்தா அந்த வெள்ளைக் கோபுரத்தோட தலை தெரியும். அதனால இந்த விஷயத்துல பேச எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டுன்னு நினைக்கிறேன்.

நான் சொல்ல வர்றது இதுதான். எது உண்மைங்கிறதை அரசியல் தீர்மானிக்கக் கூடாது. பூமி உருண்டையா தட்டையான்னு ஓட்டுப் போட்டு முடிவு பண்ண முடியாது. ஆனா எந்த உண்மையைத் தேடுறது, யார் காசுல தேடுறது, யார் நிலத்துல தேடுறது, கிடைச்சதை யார் கையில கொடுக்கிறது, இந்த நாலும் முழுக்க முழுக்க அரசியல். எப்பவும் அப்படித்தான் இருந்துச்சு. "கலக்காதீங்க"ன்னு சொல்றவங்க, ஏற்கெனவே கலந்து குடிச்சுக்கிட்டு இருக்கிற டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் சொல்றாங்க.

பஞ்சத்திலிருந்து வந்த கண்ணாடி

காவலூர் தொலைநோக்கிக்கு ஒரு வம்சாவளி இருக்கு. அதைச் சொன்னாலே பாதி வாதம் முடிஞ்சுடும்.

காவலூருக்கு அம்மா கொடைக்கானல். கொடைக்கானலுக்கு அம்மா மதராஸ் வான் ஆய்வகம். நுங்கம்பாக்கத்துல 1792-ல கட்டினது. கட்டினவன் கிழக்கிந்தியக் கம்பெனி. கம்பெனிக்கு நட்சத்திரத்து மேல என்ன காதல்? கப்பல் போக வழி தெரியணும், பிடிச்ச நாட்டுக்கு வரைபடம் வேணும். எது எங்கே இருக்குன்னு துல்லியமாத் தெரிஞ்சாத்தான் நிலத்தை அளக்கலாம், அளந்தாத்தான் ஆளலாம், வரி போடலாம். 1802-ல லாம்டன் பரங்கிமலைப் பக்கத்துல கோடு போட்டு ஆரம்பிச்ச பெரிய நில அளவை இமயமலை வரைக்கும் போச்சு. அதுக்குக் கணக்குப் பிடிமானமா இருந்தது இந்த மதராஸ் ஆய்வகம். அளவு துல்லியம்தான், ஒரு குறை சொல்ல முடியாது. அளக்கச் சொன்னது யாருங்கிறதுதான் வேற விஷயம்.

அப்புறம் 1876-78 வந்துச்சு. தாது வருஷப் பஞ்சம். எங்க பக்கத்துக் கிழவிங்க வாயில அந்தப் பேரு ரொம்ப நாள் இருந்துச்சு. வட ஆற்காடு, சேலம்னு மதராஸ் மாகாணம் பூரா செத்து விழுந்தாங்க. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில மட்டும் 50 லட்சம் பேருக்கு மேலன்னு மதிப்பீடு. அதே காலத்துல இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பல்ல போயிக்கிட்டு இருந்துச்சு. 1877 ஜனவரி 1 அன்னிக்கு டெல்லியில லிட்டன் பிரபு விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியா அறிவிச்சு தர்பார் நடத்தினார்.

இந்த ஒரே பஞ்சத்துல ரெண்டு அறிவியல் வேலை செஞ்சுது. இதைத்தான் நீங்க கவனிக்கணும்.

ஒண்ணு வானத்தைப் பார்த்துச்சு. நார்மன் லாக்கியர்னு சூரியனை ஆராய்ஞ்ச பெரிய விஞ்ஞானி. அவரும் ஹண்டர்ங்கிற அதிகாரியும் சேர்ந்து 1877-ல லண்டன் பத்திரிகையில ஒரு கட்டுரை போட்டாங்க. சூரியனோட முகத்துல வர்ற கரும்புள்ளி 11 வருஷத்துக்கு ஒரு முறை ஏறி இறங்குது, மதராஸ் மழையும் அதோட சேர்ந்து ஏறி இறங்குது, பஞ்சத்துக்கும் அதுக்கும் தொடர்பு இருக்குன்னாங்க. ஆட்சியில இருந்தவனுக்கு இதைவிட இனிப்பான செய்தி இருக்குமா? குத்தவாளி ஒன்பது கோடி மைலுக்கும் அந்தாண்ட இருக்கான். அவன் மேல வழக்குப் போட முடியாது, பதவியை விட்டு இறக்கவும் முடியாது.

இன்னொண்ணு தரையைப் பார்த்துச்சு. பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும்னு ரிச்சர்ட் டெம்பிள் உத்தரவு போட்டார். ஒரு பவுண்டுன்னா சுமாரா 450 கிராம். அதைத் தின்னுட்டு நாள் பூரா கல்லு உடைக்கணும். டாக்டர் கார்னிஷ்னு ஒருத்தர். அவரும் வெள்ளைக்காரர்தான், அரசாங்கச் சம்பளம்தான் வாங்கினார். மதராஸ் மாகாணத்தோட சுகாதார ஆணையர். அவர் மருத்துவக் கணக்கைக் கையில வெச்சுக்கிட்டு, வேலை செய்யிற உடம்புக்கு இது பத்தாது, இந்தக் கூலி ஆளைக் கொல்லும்னு எழுத்துல சண்டை போட்டார். அதே வருஷம் மதராஸ் அரசு அந்தக் கூலியை மாத்த வேண்டி வந்துச்சு.

லாக்கியர் செஞ்சதும் அறிவியல், கார்னிஷ் செஞ்சதும் அறிவியல். ஒருத்தர் கேட்டது "மழை ஏன் பெய்யலை?" இன்னொருத்தர் கேட்டது "மனுஷன் ஏன் சாகுறான்?" எந்தக் கேள்வியைக் கேட்கிறோங்கிற இடத்துல அரசியல் வந்து உட்கார்ந்துக்குது. மழை பெய்யாததுக்கும் பஞ்சத்துக்கும் நடுவுல விலை இருக்கு, கப்பல் இருக்கு, வரி இருக்கு, கூலி இருக்கு. சூரியனை மட்டும் பார்த்தா இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது.

பஞ்சம் முடிஞ்ச பின்னாடி, சூரியனைத் தொடர்ந்து பார்த்தா பருவமழை புரியும்ங்கிற நம்பிக்கையில சூரிய ஆய்வகம் வேணும்னு பேச்சு வளர்ந்துச்சு. 1899-ல கொடைக்கானல் வந்தது அந்த வழியாத்தான். சூரியப் புள்ளியை வெச்சு மழையைச் சொல்ல அவங்களால முடியலை. அந்தப் பெரிய வறட்சிக்குப் பின்னாடி இருந்தது பசிபிக் கடல் சூடாகிற எல் நினோன்னு இப்ப சொல்றாங்க. ஆனா கொடைக்கானல் வீண் போகலை. 1909-ல எவர்ஷெட் அங்கே உட்கார்ந்து சூரியப் புள்ளியில வாயு வெளிப்பக்கமா ஓடுறதைக் கண்டுபிடிச்சார். உலகம் பூரா இன்னிக்கும் அதுக்கு அவர் பேருதான். நூறு வருஷத்துக்கு மேல தினம் எடுத்த சூரியப் படங்கள் அங்கே இருக்கு. உலகத்துல அப்படித் தொடர்ச்சியான சேமிப்பு ரொம்ப அபூர்வம்.

அதனால "அரசியல்ல பிறந்ததால அது பொய்"ன்னு நான் சொல்லலை. கண்டுபிடிச்சது உண்மை. காசு கொடுத்தவன் நோக்கம் வேற. ரெண்டையும் ஒரே நேரத்துல மனசுல வெச்சுக்கிறது கஷ்டம்தான். ஆனா வெச்சுக்கிட்டாத்தான் ஏமாறாம இருக்கலாம்.

சாமைக்கு வராத மெஷின்

இது வெள்ளைக்காரன் காலத்துக் கதை, இப்ப நம்ம நாடு, நம்ம விஞ்ஞானின்னு சொல்வீங்க. சரி, இப்பத்துக்கு வருவோம்.

எங்க மலையோட பயிர் சாமை. மழை கொஞ்சம் ஏமாத்தினாலும் சாமை ஏமாத்தாது. உரம் கேட்காது, மோட்டார் கேட்காது. ஆனா ஒரு கஷ்டம் இருக்கு. சாமைக்குத் தோல் கெட்டி, மணி சின்னது. உரல்ல போட்டுக் குத்தி, முறத்துல புடைச்சு, மறுபடி குத்தணும். ஒரு வேளைச் சோத்துக்கு எங்க வீட்டுப் பொம்பளைங்க தோள் கழன்று போகும். 1960-களுக்கு அப்புறம் நெல்லுக்கும் கோதுமைக்கும் புது ரகம் வந்துச்சு, உரம் வந்துச்சு, கொள்முதல் வந்துச்சு, ஊருக்கு ஊர் ரைஸ் மில் வந்துச்சு. சாமையை நொறுங்காம உடைக்கிற ஒரு சின்ன மெஷின் எங்க ஊர்ப் பக்கம் வந்து சேர எத்தனை காலம் ஆச்சு! ராக்கெட் விட்ட நாட்டுக்கு அது செய்யத் தெரியாதா? தெரியும். யாரும் கேட்கலை. கேட்கிற இடத்துல இருந்தவன் வீட்டுல சாமை குத்துற ஆளு இல்லை.

பசுமைப் புரட்சி பசியைப் போக்குச்சு, அதை நான் மறுக்கலை. தாது வருஷத்துக் கதை கேட்டு வளர்ந்தவன் அப்படி மறுக்க முடியாது. ஆனா எந்தப் பயிருக்கு ஆராய்ச்சிப் பணம், எந்தப் பயிருக்குக் கொள்முதல் விலைன்னு முடிவு பண்ணினது ஆய்வுக்கூடம் இல்லை, அமைச்சரவை. அதோட விளைவா மலையில இருக்கிற பிள்ளை ரேஷன் அரிசி தின்னுட்டு வளர்ந்துச்சு, சாமைக் கொல்லையில கரம்பு விழுந்துச்சு.

அப்புறம் காத்து மாறுச்சு. சர்க்கரை வியாதி வந்த நகரம் சாமையைத் தேடுச்சு. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சுது, இந்தியா கேட்டுத்தான். திருவண்ணாமலைக்குப் பக்கத்துல அத்தியந்தல்ல வேளாண் பல்கலைக்கழகத்தோட சிறுதானிய மகத்துவ மையம் இருக்கு. அங்கிருந்து சாமையில ஏ.டி.எல்.1-ன்னு ரகம் வந்துச்சு. நல்ல வேலை. விஞ்ஞானிங்க மேல எனக்கு மரியாதைதான். ஆனா சாமை அதே சாமைதானேங்க? நாங்க தின்னப்ப அது "ஏழை தானியம்", நீங்க தின்ன ஆரம்பிச்சப்ப அது "சூப்பர் உணவு". ஆராய்ச்சியோட கண்ணு எந்தத் தட்டு மேல விழுதுன்னு இதைவிடச் சுலபமா எப்படிச் சொல்றது?

இருட்டோட விலை

இப்ப எங்க ஊரு தொலைநோக்கிக்கு வர்றேன். அது மேல எனக்குப் பொறாமை இல்லை, பெருமைதான். முதல்ல அதைச் சொல்லிடுறேன்.

வேணு பாப்பு 1960-கள்ல இடம் தேடி அலைஞ்சு இந்த மலையைப் பிடிச்சார். காரணம் மூணு. பூமத்திய ரேகைக்குக் கிட்டே, சுமார் 12.5 டிகிரியில இருக்கிறதால வடக்கு வானமும் தெரியும், தெற்கு வானத்துல பெரும்பகுதியும் தெரியும். சுமார் 725 மீட்டர் உயரம். மூணாவது, நல்ல இருட்டு. 1972-ல வந்த 1 மீட்டர் தொலைநோக்கி அந்த வருஷமே வியாழனோட நிலா கானிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைக்கிறதைப் பார்த்து, அதுக்கு மெல்லிசா ஒரு காற்று மண்டலம் இருக்கலாம்ங்கிற தடயம் கொடுத்துச்சு. 1977 மார்ச் 10 ராத்திரி யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருக்கிறது தெரிய வந்தப்ப, அந்த நிகழ்வைப் பதிவு பண்ணின இடங்கள்ல காவலூரும் ஒண்ணு. 1988-ல இங்கிருந்து பிடிச்ச ஒரு குறுங்கோளுக்கு ராமானுஜன்னு பேரு. 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கி இந்தியாவிலேயே வடிவமைச்சு, இந்தியாவிலேயே கண்ணாடி தேய்ச்சுச் செஞ்சது. பாப்பு 1982-லயே போய்ட்டார். 1986 ஜனவரி 6-ல ராஜீவ் காந்தி வந்து அவர் பேரை அதுக்கு வெச்சார்.

ஒரு பிரதமர் மலை ஏறி வந்து ஒரு கண்ணாடிக்குப் பேரு வைக்கிறார். இது அரசியல் இல்லையா? நல்ல அரசியல்தான். புதுசா விடுதலை வாங்கின ஏழை நாடு, சோறே பத்தலைன்னாலும் வானத்தைப் பார்க்கிற உரிமையை விட மாட்டோம்னு எடுத்த முடிவு அது. எனக்கு அந்த முடிவு பிடிக்கும். நான் வாங்குற சோப்புக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் கட்டுற வரியில ஒரு பைசா அங்கே போகுதுன்னா போகட்டும்.

ஆனா அந்த மூணாவது காரணம் இருக்கே, இருட்டு, அதைப் பத்திப் பேசணும்.

இருட்டு சும்மா கிடைக்கிற பொருள் இல்லை. ரோடு வராத, கரண்ட் நிக்காத, கடை இல்லாத, ஆஸ்பத்திரி தூரமா இருக்கிற இடத்துலதான் இருட்டு நல்லா விளையும். நீங்க வந்து "ஆஹா, எத்தனை நட்சத்திரம்"னு அண்ணாந்து பார்க்கிறீங்க பாருங்க, அது எங்க பின்தங்கலோட மறுபக்கம். மும்முனை கரண்ட் ராத்திரியில வந்தா ராத்திரியிலதான் மோட்டார் போடப் போகணும். ஒரு கையில டார்ச், ஒரு கையில தடி. வரப்புல விரியன் படுத்திருக்கும். பிரசவ வலி ராத்திரிதான் வரும், வண்டி கீழே இருந்து வளைவு வளைவா ஏறி வரணும். எங்க மலை ஜனங்களுக்கு வெளிச்சம் அலங்காரம் இல்லை, உசுரு.

சரி, நாங்க குறைஞ்ச வெளிச்சத்துல இருக்கோம். கீழே என்ன நடக்குது? ராத்திரி பாறை மேல ஏறி நின்னா ஆலங்காயம், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கமெல்லாம் வானத்தோட ஓரம் வெளுத்துக் கிடக்கு. கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்கு, விளம்பரப் பலகை, நாலுவழிச் சாலை, கட்சிக் கூட்டத்து ஃபோகஸ் லைட். பழைய மஞ்சள் சோடியம் விளக்கைக் கழட்டிட்டு வெள்ளை எல்.இ.டி. போட்டாங்க. கரண்ட் மிச்சம், நல்லதுதான். ஆனா அந்த வெள்ளையில நீல ஒளி ஜாஸ்தி. பகல் வானத்தை நீலமாக்குற அதே சிதறல் ராத்திரியிலும் நடக்கும். நீலம்தான் காத்துல அதிகமாச் சிதறும். அந்தச் சிதறல் வானத்துல ஏறினா மங்கலான விண்மீனைப் பார்க்கவே முடியாது. நாட்டு மக்கள் காசு கொட்டிக் கட்டின தொலைநோக்கி கொஞ்சம் கொஞ்சமாக் குருடாகுது.

இதுக்கு வைத்தியம் ஏதோ பெரிய மந்திரம் இல்லை. விளக்குக்கு மேல மூடி போடணும், வெளிச்சம் தரைக்கு மட்டும் விழணும். வெள்ளைக்குப் பதிலா மஞ்சள் சாயல் விளக்கு. நடுராத்திரிக்கு மேல விளம்பரப் பலகையை அணைக்கணும். ஒரு தொலைநோக்கியோட விலையில இது தூசு. ஏன் நடக்கலை? மண்டபக்காரன்கிட்டே போய் "விளக்கைக் குனியவை"ன்னு சொல்ல ஒரு அரசியல்வாதிக்குத் தைரியம் வேணும். மலையில இருக்கிறவன் இருட்டுல இருக்கணும்னு எதிர்பார்க்க யாருக்கும் தைரியம் தேவையில்லை. அதான் வித்தியாசம். இதைத் தீர்க்க வேண்டிய இடம் ஆய்வுக்கூடம் இல்லை. நகராட்சிக் கூட்டம், மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சட்டமன்றம்.

முடியாத காரியமான்னா இல்லை. லடாக்ல ஹான்லேன்னு ஒரு இடம். அங்கேயும் தொலைநோக்கி வெச்சிருக்கிறது காவலூரை நடத்துற அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான். 2022 டிசம்பர்ல அங்கே 1,073 சதுர கிலோமீட்டரை இருள் வானக் காப்பகமா அறிவிச்சாங்க. லடாக் நிர்வாகம், லே மலை மாவட்டக் கவுன்சில், ஆய்வு நிறுவனம் மூணும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு நடந்த வேலை. விளக்குக்குக் கட்டுப்பாடு வந்துச்சு. கூடவே ஊர்க்காரங்க 24 பேருக்குப் பயிற்சி கொடுத்து, கையில தொலைநோக்கியும் கொடுத்தாங்க. வர்ற விருந்தாளிக்கு அவங்க வானம் காட்டுறாங்க, வீட்டுல தங்க வெக்கிறாங்க, நாலு காசு பார்க்கிறாங்க. இருட்டு அங்கே அவங்களுக்கு விளைச்சல் ஆயிடுச்சு.

ஹான்லேயில ஜனங்க கொஞ்சம், காவலூரைச் சுத்தி ஊர் ஊரா இருக்கு, ரெண்டும் ஒண்ணாகுமான்னு கேட்பீங்க. ஆகாதுதான். ஜனம் அதிகம்னா பேச்சுவார்த்தையும் அதிகம் வேணும். பேச்சுவார்த்தைக்கு இன்னொரு பேருதான் அரசியல். அப்போ காவலூருக்கு அரசியல் கம்மியா வேணுமா, ஜாஸ்தியா வேணுமா? நீங்களே சொல்லுங்க.

பூச்சாண்டி காட்டுறவனையும் விடப் போறதில்லை

இதுவரைக்கும் படிச்சிட்டு, "ஆஹா, இவன் நம்ம ஆளு, விஞ்ஞானத்துக்கு எதிரி"ன்னு யாராவது சந்தோஷப்பட்டா, கொஞ்சம் பொறுங்க.

தேனி பொட்டிபுரத்துல மலையைக் குடைஞ்சு நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடிக்கு ஒப்புதல் கொடுத்துச்சு. அப்ப மேடை மேடையா என்னென்ன பேசினாங்க! நியூட்ரினோ வந்தா கதிர்வீச்சு வரும், ஊரே அழியும்னாங்க. நியூட்ரினோ சூரியனிலிருந்து வந்துக்கிட்டேதான் இருக்கு. நீங்க இதைப் படிக்கிற இந்த நொடியில கோடானு கோடி உங்க உடம்பு வழியாப் போயிட்டு இருக்கு, உங்களுக்குக் கூச்சம் கூட வராது. வானத்திலிருந்து வர்ற நியூட்ரினோவைப் பிடிக்கிறதுதான் அந்தத் திட்டம். இது தெரிஞ்சும் பயம் காட்டினவங்க ஜனங்களுக்கு நல்லது செய்யலை. ஏன்னா பொய்யை மேல போட்டதும், அதுக்கு அடியில இருந்த நியாயமான கேள்வி எல்லாம் புதைஞ்சு போச்சு.

நியாயமான கேள்வி என்ன? மலையை எவ்வளவு வெடி வெச்சுக் குடைவீங்க? அந்தக் கல்லும் தூசியும் எங்கே போகும்? அடியில ஓடுற தண்ணிக்கு என்ன ஆகும்? மாடு மேயுற இடம் என்ன ஆகும்? இதுல எதுக்கும் துகள் இயற்பியல் தெரியத் தேவையில்லை. ஆடு மேய்க்கிறவன் கேட்கிற கேள்வி இது. 2017 மார்ச்சுல பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தினப்ப என்ன காரணம் சொல்லுச்சு? நியூட்ரினோ கெட்டதுன்னு சொல்லலை. கேரளத்து மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவும் மாநில எல்லையும் 5 கிலோமீட்டருக்குள்ள இருக்கு, அதுக்குரிய கடுமையான பரிசீலனை நடக்கலைன்னு சொல்லுச்சு. அதாவது ஆட்டுக்காரன் கேள்வி பக்கத்துல நின்னுச்சு. அடுத்த வருஷம் டெல்லி மறுபடி அனுமதி கொடுத்துச்சு. 2022-ல தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துல எங்களுக்கு இது வேண்டாம்னு சொல்லிடுச்சு.

நகரத்துல என்ன பேசினாங்க? "நியூட்ரினோ ஒண்ணும் பண்ணாதுடா முட்டாளே." கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிட்டு, கேட்ட கேள்வியை அப்படியே விட்டுட்டாங்க. அந்தப் பக்கம் பூச்சாண்டி, இந்தப் பக்கம் ஏளனம். நடுவுல ஒரு நல்ல ஆய்வகமும் போச்சு, ஜனங்களுக்கும் விஞ்ஞானத்துக்கும் நடுவுல இருந்த நம்பிக்கையும் போச்சு. இதுல யாருக்கு ஜெயம்?

ஜனங்ககிட்டே பேசுறது எப்படின்னு தெரியலைன்னா, நம்ம மதராஸ் ஆய்வகத்துக்கே திரும்பிப் போங்க. அங்கே உதவியாளரா வேலை பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல ஒளி மாறும் விண்மீன் ஒண்ணைக் கண்டுபிடிச்சவர். 1874 டிசம்பர்ல வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடக்கப் போகுதுன்னப்ப, அவர் என்ன பண்ணினார்? அது ஏன் நடக்குது, எப்படிக் கணக்குப் போடுறதுன்னு இந்திய மொழிகள்ல ஜனங்களுக்குப் புரியிற மாதிரி, ஒருத்தர் கேட்க ஒருத்தர் பதில் சொல்ற உரையாடலா எழுதிப் போட்டார். அடிமை நாட்டுல, துரை கீழே வேலை பார்த்த ஒரு மனுஷன், 150 வருஷத்துக்கு முன்னாடி செஞ்சது இது. கேள்வி கேட்கிறவன் முட்டாள்னு அவர் நினைச்சிருந்தா அந்தப் புத்தகம் வந்திருக்காது.

அதனால

நகரத்து நண்பர்களே, உங்ககிட்டே நான் கேட்கிறது மூணே மூணு.

ஒண்ணு, "அரசியலைக் கலக்காதீங்க"ங்கிறதை விட்டுடுங்க. அதுக்குப் பதிலா "இதுல யாரோட அரசியல் இருக்கு?"ன்னு கேளுங்க. திட்டத்துக்கு ஆதரவா பேசினாலும் கேளுங்க, எதிர்ப்பா பேசினாலும் கேளுங்க. கேட்டா அறிவியல் ஒண்ணும் அழுக்காகிடாது. கார்னிஷ் கேட்டப்ப அழுக்காகலையே.

ரெண்டு, எங்க ஊர்ல ஒரு திட்டம் வந்தா, அறிக்கையைத் தமிழ்ல கொடுக்கச் சொல்லி எங்களோட சேர்ந்து கேளுங்க. நூத்துக்கணக்கான பக்கம் இங்கிலீஷ்ல எழுதிட்டு, ஒரு பக்கச் சுருக்கத்தைத் தமிழ்ல கொடுத்து, "மக்கள் கருத்துக் கேட்பு"ன்னு பந்தல் போடுறது கருத்துக் கேட்பு இல்லை. படிக்கத் தெரியாதவன்கிட்டே கைநாட்டு வாங்கின பழைய கந்துவட்டிக்காரன் வேலை அது.

மூணு, உங்க விளக்கைக் குனிய வைங்க. நிஜமாத்தான் சொல்றேன். உங்க வீட்டு மாடி, உங்க அப்பார்ட்மெண்ட் வாசல், உங்க கல்யாண மண்டபம், உங்க வார்டு தெருவிளக்கு. வாணியம்பாடியோ ஆம்பூரோ வேலூரோ சென்னையோ, எங்கே இருந்தாலும் உங்க கவுன்சிலர்கிட்டே ஒரு மனு எழுதுங்க. விளக்குக்கு மூடி, மஞ்சள் சாயல், நடுராத்திரிக்கு மேல விளம்பரத்துக்கு ஓய்வு. எங்க ரோட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தரையைப் பார்த்த விளக்கு வேணும், அதை நாங்க கேட்டு வாங்கிக்கிறோம். உங்க ஊர்லயும் பால்வீதி கொஞ்சம் தெரிஞ்சா, சனிக்கிழமை சனிக்கிழமை இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டு எங்க இருட்டைப் பார்க்க வர வேண்டியதில்லை பாருங்க.

வர்றவங்க வாங்க, வேண்டாம்னு சொல்லலை. வந்தா சாமைச் சோறும் கொள்ளுக் கடைசலும் உண்டு. ஆனா சாப்பிட்டுட்டு, "ஊர் இப்படியே மாறாம இருக்கணுங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க. இந்த ஊர் எதுல மாறணும், எதுல மாறக் கூடாதுன்னு முடிவு பண்ற உரிமைதான் நான் இவ்வளவு நேரமாக் கேட்டுக்கிட்டு இருக்கிறது.